இரண்டாவது குப்பி

மாதங்கிக்கு எதற்கெல்லாம் பயம் இல்லை என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடலாம். மழைக்குப் பயமில்லை. பாம்புக்கு அவ்வளவாகப் பயமில்லை. மேலதிகாரிக்குப் பயமே இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. லிஃப்டில் ஏறினால் கதவு திறக்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்வாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, தெருமுனைவரை போய், கேஸை மூடினோமா என்று திரும்பி வருவாள். காளிகாட் மெட்ரோவில் ரயில் வரும் சத்தம் கேட்டதும் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பாள். இதற்கெல்லாம் மேலே, உயரம். மொட்டை மாடியில் துணிக்கொடியை நட்டநடுவில் கட்டவைத்த ஒரே குடும்பம் அந்தக் கட்டடத்தில் அவளுடையதுதான். கைப்பிடிச் சுவருக்கு நாலடி தூரத்தில் நின்றாலும் அவளுக்கு உள்ளங்கால் கூசும்.

பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்கத்தாவில். தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்கு டைப் அடிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டார். அப்பா வங்கி அதிகாரி. மாதங்கி தாவரவியல் எடுத்துப் படித்ததற்கும் பயம்தான் காரணம். விலங்கியலில் தவளையை அறுக்கச் சொல்வார்கள், வேதியியலில் அமிலம் கொதிக்கும், செடி பாட்டுக்குச் செடி நிற்கும், ஒன்றும் செய்யாது என்று நினைத்தாள். அப்படி நம்பிப் போனவளை நாற்பத்து நாலாவது வயதில் ஒரு மரம் என்ன பாடு படுத்தியது என்பதுதான் இந்தக் கதை.

பெஹாலாவில் பழைய டிராம் டிப்போவைத் தாண்டி ஒரு தோட்டம் இருக்கிறது. ஒரு காலத்தில் சணல் வியாபாரி ஒருவரின் தோட்ட வீடு. இப்போது ஒரு சின்ன அறக்கட்டளையின் கையில். அரிய மரங்களின் விதைகளைச் சேர்த்து வைப்பதும், நாற்று விட்டு அந்தந்தக் காட்டுக்கே அனுப்புவதும் அவர்கள் வேலை. விதை அறைக்குப் பொறுப்பு மாதங்கி. தரையோடு தரையாக ஓர் அறை, இரண்டு குளிர்பெட்டிகள், ஒரு நுண்ணோக்கி, கண்ணாடிக் குப்பிகள். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தத் தோட்டத்தின் தென்மூலையில்தான் சாம்பகில் நின்றது. சாம்பல் நிறப் பட்டை, அதனால் அந்தப் பெயர். தமிழ்நாட்டின் வடக்கு மலைகளில் பாதி மரங்கள் கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும், பாதி மரங்கள் பச்சையாகவே இருக்கும் ஒரு வகைக் காடு உண்டு. அந்தக் காட்டில் மட்டும், அதிலும் ஒரே ஒரு மலையில் மட்டும் வளர்ந்த மரம் அது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எழுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பேராசிரியர் விதை கொண்டுவந்து பெஹாலாவில் போட, ஒன்றே ஒன்று பிழைத்தது. பனையில் இருப்பதுபோல் இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெஹாலாவில் பிழைத்தது பெண். மலையில் இருந்த மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் அங்கே மிஞ்சியது ஓர் ஆண் மட்டும். ஒன்று இங்கே, ஒன்று அங்கே, நடுவில் ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர். கிளையை வெட்டி நட்டுப் பார்த்தார்கள், வேர் விடவில்லை. ஒட்டுக் கட்டிப் பார்த்தார்கள், கருகிவிட்டது. அங்கிருக்கும் மகரந்தத்தை இங்கே கொண்டுவந்து, பூ விரிந்திருக்கும் ஒரு வாரத்துக்குள் கையால் தொட்டு வைப்பது ஒன்றுதான் வழி. மூன்று வருஷமாக முயற்சி செய்கிறார்கள். முதல் வருஷம் மகரந்தம் பார்சலில் வெந்து வந்து சேர்ந்தது. இரண்டாம் வருஷம் மகரந்தம் நன்றாக வந்தது, அதற்கு முந்தின நாள் புயல் பூவையெல்லாம் கொட்டிவிட்டது.

இந்த முறை எல்லாம் சரியாக அமைந்தது. மலையில் அந்த ஆண் மரத்தைப் பதினொரு வருஷமாகக் காவல் காக்கும் முகமது இஸ்மாயில் இரண்டு நாள் மரத்தில் ஏறி, காகிதக் கூம்பில் மகரந்தத்தை உதிர்த்து, இரண்டு குப்பிகளில் அடைத்தான். முதல் குப்பி நிறைய, இரண்டாவதில் கால் பங்கு. மலைக்குப் பக்கத்து வாணியம்பாடிக்கு லீவில் போயிருந்த, கல்கத்தாவில் வேலை பார்க்கும் ரஞ்சனா என்ற ஐ.டி. கம்பெனிப் பெண் அதை ஐஸ் வைத்த பிளாஸ்கில் போட்டு விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். துர்கா பூஜைப் பந்தல் கட்டும் நரேன் இரண்டு ஆட்களோடு வந்து, மரத்தைத் தொடாமல் நாலு பக்கமும் மூங்கில் நட்டு, கயிறு சுற்றி, நாற்பத்தைந்து அடிக்கு ஐந்து தட்டுச் சாரம் எழுப்பினான். மேலே ஏறிப் பூவைத் தொட வேண்டியவனும் அவன்தான் என்று ஏற்பாடு. மாதங்கி கீழே நிற்பாள். அதில் அவள் மிகவும் உறுதியாக இருந்தாள். கத்தரிப்பூவில் மாவைத் தொட்டு வைத்து அவனுக்கு ஒரு வாரம் பயிற்சியும் கொடுத்தாள்.

சித்திரை பிறந்த இரண்டாம் நாள். இலையே இல்லாத கிளைகளில் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ விரிந்துவிட்டது. மத்தியானம் மூன்று மணி. நரேன் மேல் தட்டில் பீடி பிடிக்காமல் காத்திருந்தான். அது அவனுக்குப் பெரிய தியாகம். மாதங்கி குப்பியை எடுக்க விதை அறைக்குப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வடமேற்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

கல்கத்தாவில் இருப்பவர்களுக்கு அந்தக் கறுப்பு தெரியும். கால்பைசாகி. சித்திரை மாதத்துச் சாயங்காலப் புயல். சொல்லாமல் வரும், அரைமணி நேரம் ஆடும், மரத்தையும் கூரையையும் சாய்த்துவிட்டுப் போய்விடும். போன வருஷம் பூவைக் கொட்டியதும் அதுதான். மாதங்கி முதல் குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து உருவிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். ஓடின வேகத்தில் மூடியைத் திருகித் திறந்தாள்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியைத் திறக்கக் கூடாது. மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்து, அதன் குளிர் போன பிறகுதான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய் வேர்த்துவிடும். கல்கத்தாவின் சித்திரை மாதக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பிழிந்தால் தண்ணீர் வரும். இந்த விதியை வங்காளியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, விதை அறைச் சுவரில் ஒட்டி வைத்தவளே மாதங்கிதான். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிக் கையெழுத்துகூட வாங்குவாள்.

அவள் கண்ணெதிரிலேயே கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்தது. மாவாக இருந்த மகரந்தம் ஈரக்கையால் தொட்ட விபூதி மாதிரி திரண்டு, கட்டிதட்டி, அடியில் ஒட்டிக்கொண்டது. அவள் குப்பியைத் தட்டினாள். அசையவில்லை. ஈரம் பட்ட மகரந்தம் அங்கேயே வெடித்துச் செத்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியாததா? காதுக்குள் ஏதோ இரைந்தது. மரத்தூரில் சாய்ந்துகொண்டாள்.

"தீதி, குடுத்து விடுங்க" என்று நரேன் மேலிருந்து வங்காளியில் குரல் கொடுத்தான். கூடை கயிற்றில் இறங்கி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"பூ இன்னும் சரியா விரியலை. நாளைக்குப் பண்ணலாம். நீ இறங்கு" என்றாள்.

அவன் மேலே பூவின் நடுவில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டான். இறங்கி வந்தான். மேகமோ கிடர்பூர் பக்கமாக ஒதுங்கிப் போய்விட்டது. அன்றைக்கு ஒரு துளி மழை விழவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு, பஸ்ஸில் இருக்கும்போது, இஸ்மாயில் கூப்பிட்டான். விஷயம் தெரிந்துதான் கூப்பிடுகிறான் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றிவிட்டது. அந்த அளவுக்குக் குற்ற உணர்வு அரித்தது.

"அக்கா" என்றான். அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது.

"என்ன இஸ்மாயில்? என்ன ஆச்சு?"

"மரம் போயிடுச்சுக்கா. மூணு நாளா மலை எரியுது. நாங்க பன்னெண்டு பேரு தழைய வெச்சு அடிச்சோம். மரத்தைச் சுத்தி அணைச்சுட்டோம்க்கா, ஒரு புல்லு எரியல. ஆனா ஒரு பொறி பறந்து வந்து உள்பொந்துல பூந்துருச்சு. பொகபோக்கி மாதிரி உள்ளுக்குள்ளயே எரிஞ்சு... இன்னிக்குக் காலைல சாஞ்சிருச்சு." அவன் அழுதான். வெட்கமில்லாமல் அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த ரெண்டு குப்பியும் பத்திரமாக்கா?" என்றான்.

பஸ் டைமண்ட் ஹார்பர் ரோட்டில் நெரிசலில் நின்றிருந்தது. மாதங்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்திரமா இருக்கு, இஸ்மாயில். ரெண்டும் பத்திரமா இருக்கு."

"அல்லாஹ்" என்று பெருமூச்சு விட்டான். "அது போதும்க்கா."

போனை வைத்த பிறகு அவளுக்கு வந்த பயம் இதுவரை வந்த வகை இல்லை. கேஸுக்கும் லிஃப்டுக்கும் பயப்பட்டதெல்லாம் நடக்காத ஒன்றுக்காக. இது நடந்துவிட்டது. ஒரு மரத்தின் முழு வம்சமும் இப்போது கால் குப்பி மாவாகப் பெஹாலாவில் ஒரு குளிர்பெட்டிக்குள் இருந்தது. மின்சாரம் போனால்? யாராவது பிளக்கைப் பிடுங்கினால்? அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து, தோட்டத்துக்குத் திரும்பிப் போய், குளிர்பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு வந்தாள். காவலாளியிடம் மூன்று முறை சொல்லிவிட்டு வந்தாள்.

கணவர் சிவராமகிருஷ்ணனிடம் மட்டும் சாப்பிடும்போது எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ரசத்தை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சரி, அந்தப் பையன் நரேன் நாளைக்கு இரண்டாவது குப்பியை வெச்சுண்டு பண்ணட்டுமே."

"கால் குப்பிதான் இருக்கு. அவன் பிரஷ்ஷை முக்கி முக்கிப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி அடிப்பான். பூ ஒண்ணொண்ணையும் லென்ஸ்ல பாத்து, நுனி பிசுபிசுன்னு இருக்கறதா பாத்து, அதுக்கு மட்டும் ஒரு துளி தொடணும். அது எனக்குத்தான் தெரியும்."

"அதனால?"

"நான்தான் ஏறணும்."

சிவராமகிருஷ்ணன் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை, இருபது வருஷமாகக் கூட வாழ்பவர், அவ்வளவுதான். "ஏண்டி, ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டறதுக்கே கீழாத்து மாமாவைக் கூப்பிடறவ நீ. நாப்பத்தஞ்சு அடியா?" என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நான் வேணா லீவு போட்டுண்டு வரேன்" என்றார். வேண்டாம் என்றாள். அவர் கீழே நின்று பதறினால் அவளுக்கு அதுவும் சேர்ந்துகொள்ளும்.

மறுநாள் இரண்டரை மணிக்குக் குப்பியை வெளியில் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரில் உட்கார்ந்தாள். கையால் தொடவில்லை. அரைமணி முடிந்து மேலே ஐந்து நிமிஷமும் இருந்தாள். பிறகு சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, குப்பியையும் பிரஷ்ஷையும் லென்ஸையும் மெழுகுத்தாள் பைகளையும் கழுத்தில் தொங்கிய துணிப்பையில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.

நரேன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீங்களா தீதி?"

"நான்தான்."

அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். "நான் முன்னால போறேன். நீங்க என் குதிகாலை மட்டும் பாருங்க" என்றான்.

முதல் தட்டுவரை குதிகாலைப் பார்த்தாள். இரண்டாவது தட்டில் மூங்கில் கிறீச்சென்றது. அவள் கம்பைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரு நிமிஷம் நரேன் காத்திருந்தான். "தீதி, துர்கா மாதாவையே இதைவிட உயரத்துல நிறுத்தியிருக்கேன். பத்துக் கை, ஒரு சிங்கம், எல்லாம் சேத்து" என்றான். துர்கா மாதாவுக்குக் கீழே விழுந்தால் களிமண், எனக்கு எலும்பு என்று மாதங்கி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தக் கோபம் அவளை மூன்றாவது தட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. நாலாவதில் தெருவின் வீட்டுக் கூரைகள் தெரிய ஆரம்பித்தன. கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவதில் நிற்க முடியவில்லை. பலகையில் குப்புறப் படுத்துவிட்டாள்.

அங்கே படுத்துக்கொண்டு பார்த்தபோதுதான் வேறொரு விபரீதம் புரிந்தது. பயத்தில் அவள் உள்ளங்கை இரண்டும் ஊற்றெடுத்துக்கொண்டிருந்தன. விரல் நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. அந்தக் கையால் குப்பியைத் திறந்தால், நேற்று காற்று செய்ததை இன்று அவள் கையே செய்துவிடும். பயப்படக் கூடாது என்று சொன்னால் அடங்குகிற கையா அது? இன்னும் அதிகமாக வேர்த்தது.

"நரேன், உன் துண்டைக் குடு" என்றாள். அவன் தோளில் கிடந்த கம்ச்சாத் துண்டைக் கொடுத்தான். அவள் அதைக் கிழிக்கச் சொன்னாள். இரண்டு மணிக்கட்டிலும் இறுக்கிச் சுற்றினாள், முழங்கையிலிருந்து வழிவது அங்கேயே நிற்கும்படி. மிச்சத் துண்டில் விரல்களைத் துடைத்தாள். ஒரு பூவுக்கு ஒரு முறை துடைத்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டாள்.

லென்ஸைக் கண்ணில் வைத்ததும் உலகம் ஒரு பூவின் அளவுக்குச் சுருங்கியது. அதில் உயரம் தெரியவில்லை. நுனி பளபளவென்று இருந்தது. பிரஷ்ஷை மகரந்தத்தில் தொட்டாள், பூவில் வைத்தாள், ஒன்று. துடைத்தாள். அடுத்தது காய்ந்துவிட்டது, விட்டாள். அதற்கடுத்தது சரியாக இருந்தது, இரண்டு. லென்ஸை எடுக்கும்போதெல்லாம் நாற்பத்தைந்து அடியும் திரும்பி வந்து வயிற்றில் உட்கார்ந்தது. மறுபடியும் லென்ஸை வைத்தாள். பதினொரு கொத்துகளில் முப்பத்து நாலு பூ ஆயின. குப்பி காலியானது.

நிமிர்ந்து பார்த்தபோது வடமேற்கு முழுக்கக் கறுப்பு.

இன்றைக்கு அது எங்கும் ஒதுங்கிப் போகிற மாதிரி இல்லை. காற்று நின்றுவிட்டது. காக்கைகள் எல்லாம் ஒரே திசையில் பறந்தன. நரேன் எழுந்து நின்றான். "தீதி, இறங்குங்க. பத்து நிமிஷம்கூட இல்லை."

"மழை பட்டாப் போச்சு, நரேன். வெச்சதெல்லாம் கழுவிண்டு போயிடும். பை கட்டணும்."

"இடி விழும் தீதி! மூங்கில் மேல உக்காந்திருக்கோம்!"

"நீ இறங்கு. கயித்தை அவிழ்த்துண்டு இறங்கு."

சொன்னது அவள் வாய்தான். சொன்னதைக் கேட்டு அவளே நடுங்கினாள். ஒரு மெழுகுத்தாள் பையை எடுத்து, முதல் கொத்தின் மேல் மாட்டி, வாயை நூலால் கட்டினாள். நரேன் கெட்ட வார்த்தை ஒன்றை வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவிழ்க்காமல், கயிற்றை நடுக்கம்பில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது கொத்து. மூன்றாவது. நாலாவதைக் கட்டும்போது காற்று வந்தது.

முதல் அடியிலேயே சாரம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பி வந்தது. மாதங்கி கத்தினாள். மாடியில் துணி உலர்த்தும் பெண்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். கத்திக்கொண்டே ஐந்தாவது கொத்தைப் பிடித்தாள். கிளை ஓடி ஓடிப் போனது. அவள் பலகையின் விளிம்புவரை நகர்ந்து, ஒரு காலைக் கம்பில் கொக்கி போட்டு, இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தாள். கம்பைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. இடுப்புக் கயிறு இறுகியது. நரேன் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தான். "அம்மா, அம்மா" என்று வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே முடிச்சுப் போட்டாள். ஆறு. கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஒரு வெளிச்சம், கூடவே இடி. பற்கள் கிட்டித்துக்கொண்டன. ஏழு. எட்டாவதை எட்டிப் பிடித்தபோது பெரிய பெரிய துளியாக விழுந்தது. பை காற்றில் கையிலேயே கிழிந்தது. கண்ணெதிரில் அந்தப் பூக்களின் மேல் தண்ணீர் ஓடியது.

நரேன் அவளைக் கயிற்றோடு இழுத்து, தோளைப் பிடித்து இறக்கினான். எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. விதை அறைத் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தது மட்டும் நினைவில் இருக்கிறது.

ஏழு கொத்துகள் தப்பின. தப்பியதெல்லாம் காய்ப்பதில்லை. அடுத்த எட்டு வாரம் அவள் தினமும் கீழே நின்று தொலைநோக்கியில் எண்ணினாள். ஒரு நாள் வெயில் ஊடுருவிய ஒரு பை காலியாகத் தெரிந்தது. இன்னொரு நாள் இரண்டு. இரவில் காற்றில் ஜன்னல் அடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். இதோடு இஸ்மாயிலின் செய்தி வேறு தினமும் வந்தது. 'அக்கா, காய் பிடிச்சுதா?' அந்தப் பெயர் போனில் ஒளிர்ந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். பிறகு 'பாக்கலாம்' என்று பதில் போடுவாள்.

வைகாசி கடைசியில் ஒன்றே ஒன்று நிலைத்தது. கட்டைவிரல் அளவு, இரண்டு புடைப்பு, உள்ளே இரண்டு விதை. நரேன் ஏறி அதற்கு வலைப்பை கட்டிவிட்டு வந்தான். அன்றைக்கு அவளே இஸ்மாயிலைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். "ரெண்டு குப்பி போட்டும் ஒண்ணுதானாக்கா?" என்றான். "அப்ப நான் எடுத்ததுதான் சரியில்ல. கொஞ்சம் முத்தவிட்டு எடுத்திருக்கணும். அவசரப்பட்டுட்டேன். மரமும் போச்சு, இதையும் நானே கெடுத்துட்டேன்."

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் போனை வைத்துவிடலாம். பழி தானாகவே அவன் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒருவருக்கும் தெரியாது.

"இஸ்மாயில், நீ கெடுக்கலை. முதல் குப்பியை நான் கெடுத்தேன். குளிரோட திறந்துட்டேன். ஒரு பூவுக்குக்கூட வைக்கலை. நீ கூப்பிட்ட அன்னிக்கே அது இல்லை. உங்கிட்ட பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் ஆடு கத்தும் சத்தம் கேட்டது.

"அந்தக் குப்பிக்கு ஒரு நாள் முச்சூடும் மரத்து மேலயே இருந்தேன்க்கா. தண்ணி குடிக்க இறங்கல. ஏன் அன்னைக்கே சொல்லல?"

"பயமா இருந்தது."

அவன் சமாதானம் சொல்லவில்லை. "அந்தக் காயைக் காட்டுங்க" என்றான். "வீடியோல காட்டுங்க. நான் பாக்கணும்."

நரேன் பக்கத்தில்தான் இருந்தான். அவனிடம் போனைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம்; இரண்டு நிமிஷ வேலை. மாதங்கி போனைக் கழுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். வானம் தெளிவாக இருந்தது. அது ஒன்றும் உதவவில்லை. புயலன்று பார்க்க நேரமில்லாததையெல்லாம் இந்த முறை நிதானமாகப் பார்த்தாள்: கீழே சுருங்கிப்போன தொட்டிகள், கம்பில் ஆணி போன ஓட்டை, நைந்த கயிறு. ஒவ்வொரு தட்டிலும் இத்தோடு இறங்கிவிடுவோம் என்று நினைத்தாள். ஐந்தாவது தட்டில் குப்புறப் படுத்து, வலைப்பையைத் தளர்த்தி, போனை நீட்டினாள்.

திரையில் இஸ்மாயிலின் முகம் வந்தது. மூன்று வருஷமாகப் பேசியும் அன்றைக்குத்தான் முதல் முறை பார்க்கிறாள். இளவயதுக்காரன். அவனுக்குப் பின்னால் மலைச்சரிவு கரியாகக் கிடந்தது. அவன் போனை மூக்குவரை கொண்டுவந்து பார்த்தான்.

"ரெண்டு விதையாக்கா?"

"ரெண்டு."

"ஆணா பொண்ணா?"

"முளைச்சுப் பூத்தாத்தான் தெரியும். இருபது வருஷம் ஆகும்."

"ரெண்டும் பொண்ணா இருந்துட்டா?"

அவள் தினமும் படுக்கையில் கேட்டுக்கொள்ளும் கேள்வி. "தெரியலை, இஸ்மாயில்" என்றாள்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நெற்றியைச் சுளித்தான். "ஏன்க்கா படம் இப்படி ஆடுது? காத்தா?"

"காத்து இல்லை. என் கை."

"மேல இருக்கறது நீங்களா?" என்றான். "அன்னிக்கு ஏறுனதும் நீங்கதானா?"

மாதங்கி பலகையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள். போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டிருக்கும்.

"சரிக்கா. பாத்தது போதும்" என்றான். அவன் குரலில் இருந்த கோபம் எங்கோ போயிருந்தது. "பையைக் கட்டிடுங்க. போனை நிறுத்தாதீங்க, அப்படியே கழுத்துல போட்டுக்குங்க. நான் லைன்லயே இருக்கேன். மொதல்ல எடது கால். கம்பு தட்டுப்படுதா? பட்டா ஊம் சொல்லுங்க."

"ஊம்" என்றாள்.

"இப்ப அடுத்தது."